தங்கையின் நோயும் தமக்கையின் தொண்டும்

(டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1886 – 1968)

நம் வீட்டு அக்காளுக்கோ அண்ணிக்கோ துணையாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றவர்கள் நம்மில் பலர் உண்டு. கர்ப்பிணித் தாய்மாருக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஓர் அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்பதையும் அங்கே கண்டிருப்போம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்னும் அப்பெயரை நாள்தோறும் உச்சரிக்கிறோம். ஆனால் அவர் யார், எந்தத் துயரம் அவரைத் தொண்டுக்கு அழைத்தது என்பதை அறிந்தவர் சிலரே. அவருடைய வாழ்வில் விடை கிடைக்காமல் நின்ற ஒரு கேள்விக்கு இன்றைய அறிவியல் தரும் விடை, விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் வாழும் நம் அடுக்களை வரையில் வருகிறது. ஆதலால் அவர் வரலாற்றை நாம் கருத்தூன்றிக் கற்க வேண்டும்.

இளமையும் கல்வியும்

அம்மையார் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராசா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இத்திருமணத்தை ஏற்காத உறவினர் தந்தையாரை ஒதுக்கி வைத்தனர். ஊரார் பேச்சு எப்படிச் சுடும் என்பதைக் குழந்தைப் பருவத்திலேயே உணர்ந்து வளர்ந்தார் முத்துலட்சுமி.

பெண்கள் வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திவிடும் காலம் அது. இவரோ வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிக்குலேசன் தேர்வில் வென்றார். அடுத்து, ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராசா கல்லூரியில் இடம் கேட்டார். எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுக்கச் செய்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் சிறப்பிடத்துடன் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சரிநிகராக நடத்த வேண்டும், தம் தொண்டுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று முன்னதாகவே கேட்டு, அவர் இசைந்த பிறகே மணத்துக்கு உடன்பட்டார். அவரும் சொன்ன சொல்லைக் காத்தார்.

ஆறாத துயரம்

அம்மையாருக்குச் சுந்தரம்பாள் என்றொரு தங்கை இருந்தார். 1920-களின் தொடக்கத்தில் அத்தங்கை நோயுற்றார். சீதபேதி என்றே முதலில் எண்ணினார்கள். பிறகுதான் அது மலக்குடலில் தோன்றிய புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. இளம் வயதிலேயே தங்கை கண் மூடினார்.

மாணவியரே, சற்று எண்ணிப் பாருங்கள். அக்காள் கைதேர்ந்த மருத்துவர். எத்தனையோ தாய்மாரையும் குழந்தைகளையும் காத்த கைகள் அவருடையவை. தன்னோடு பிறந்தவளை மட்டும் அக்கைகளால் காக்க முடியவில்லை. ஏன் வந்தது இந்த நோய்? அந்நாளில் இக்கேள்விக்கு விடை சொல்ல எவராலும் இயலவில்லை. வினைப்பயன் என்றார் சிலர். தொற்றிக்கொள்ளும் என்று அஞ்சி விலகினார் சிலர். நோயாளியை வீட்டின் பின்கட்டில் கிடத்தி, பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் மறைத்தார் பலர்.

அம்மையார் அழுதுவிட்டு ஓய்ந்துவிடவில்லை. 1925-இல் மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றார். புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை அங்கு இயங்குவதைக் கண்டார். அத்தகையதொன்றைச் சென்னையில் எழுப்பியே தீர்வது என்னும் உறுதி அவர் நெஞ்சில் வேரூன்றியது. அது நிறைவேற ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

சட்டமன்றத்திலும் வெளியிலும்

அம்முப்பது ஆண்டுகளில் அவர் ஆற்றிய பணிகளை இங்கே சுருக்கமாகவே கூற முடியும். சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, 1927-இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி அவரே. பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். அவர் விதைத்த அந்த விதை 1947-இல் சட்டமாக முளைத்தது. 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். போக்கிடமில்லாத பெண்களுக்காக ஔவை இல்லம் நிறுவினார்.

இவ்வளவு பணிகளுக்கிடையிலும் தங்கையின் முகத்தை அவர் மறக்கவில்லை. 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். புற்றுநோய் வந்தவர் இறக்கத்தானே போகிறார், அவருக்கென்று ஒரு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்காமல் வீடு வீடாக நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று அங்கே இருந்தவை பன்னிரண்டே படுக்கைகள். அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அறுவை மருத்துவராகப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு இளம் மருத்துவரான டாக்டர் சாந்தா அவரோடு சேர்ந்து, தம் வாழ்நாள் முழுவதையும் அம்மருத்துவமனைக்கே அளித்தார்.

கேள்விக்கு வந்த விடை

அடையாறு மருத்துவமனை திறக்கப்படுவதற்கு ஓராண்டுக்கு முன், 1953-இல், இங்கிலாந்தில் வாட்சன், கிரிக் என்னும் அறிஞர் இருவர் டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்டறிந்தனர். அவர்களுக்குப் பெரிதும் உதவியது ரோசலிண்ட் பிராங்ளின் என்னும் பெண் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படம். ரோசலிண்ட் 1958-இல், 37-ஆம் வயதில், புற்றுநோயாலேயே மறைந்தார். ஏன் வந்தது என்ற கேள்விக்கு விடை காணும் வழி அந்த வடிவத்திலிருந்துதான் திறந்தது.

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லிலும் அது செய்ய வேண்டிய வேலைகளெல்லாம் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளன. அம்மொழிக்கு நான்கே எழுத்துகள்: அடினைன், தைமைன், குவானைன், சைட்டோசின். மூன்று எழுத்துகள் சேர்ந்தால் ஒரு சொல். செல் இரண்டாகப் பிரியுமுன் நோட்டுப் புத்தகம் முழுவதையும் ஓர் எழுத்து விடாமல் படியெடுத்துக் கொள்ளும்.

படியெடுக்கும்போது ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும்? தமிழாசிரியையைக் கேளுங்கள். அறம் என்பதில் ஒரே எழுத்து மாறினால் அது அரம் ஆகிவிடும். வாழ்விக்கும் சொல் அராவும் கருவியாகிவிடும். செல்லின் நூலிலும் அவ்வாறே. எப்போது பிரியலாம், எப்போது நிற்க வேண்டும் என்று கட்டளையிடும் பகுதியில் எழுத்துப் பிழை நேர்ந்து, அத்தகைய பிழைகள் பல ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தால், செல் நிறுத்தமின்றிப் பெருகும். அதுவே புற்றுநோய்.

பிழை எப்படி நேர்கிறது? தானாக நேர்வனவும் உண்டு, பெற்றோரிடமிருந்து வருவனவும் உண்டு, கதிர்வீச்சாலும் சில நோய்க்கிருமிகளாலும் நேர்வனவும் உண்டு. உணவோடும் புகையோடும் உட்செல்லும் சில வேதிப்பொருள்களும் அப்பிழைக்குக் காரணமாகின்றன.

மல்லாட்டையில் ஒரு பாடம்

அத்தகைய பொருள்களுள் நன்கு ஆராயப்பட்ட ஒன்று, நம் ஊர் மண்ணில் விளையும் பயிரோடு தொடர்புடையது. புத்தகத்தில் நிலக்கடலை என்று படிப்பதை நாம் வீட்டில் மல்லாட்டை என்கிறோம். நாடெங்கும் உழவர் அறிந்த டி.எம்.வி. இரகங்களின் பெயரிலுள்ள மூன்று ஆங்கில எழுத்துகள் நம் திண்டிவனத்தையே குறிக்கின்றன. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உலகுக்குத் தந்த கொடை அது.

1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. துருவித் துருவி ஆராய்ந்தபோது, பிரேசில் நாட்டிலிருந்து தீவனமாக வந்த கடலைப் புண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது தெரிந்தது. அது சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். 1974-இல் இராசஸ்தான், குசராத் மாநிலங்களின் பழங்குடி மக்கள் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ண நேர்ந்து, நூறு பேருக்கு மேல் கல்லீரல் கெட்டு மாண்டனர். அவ்வளவு மிகுதியாக உண்டால் உடனே உயிருக்குக் கேடு. சிறுகச் சிறுகப் பல்லாண்டு உண்டால் கல்லீரல் புற்றுநோய்க்கு வழி.

அது செய்யும் வேலை வியப்புக்குரியது. அஃப்ளாடாக்சின் உடலுக்குள் வந்தவுடன் டி.என்.ஏ.யைத் தாக்குவதில்லை. வேண்டாத பொருளை நீரில் கரையச் செய்து வெளியேற்றுவது கல்லீரலின் கடமை. அதற்காகக் கல்லீரலின் நொதிகள் அந்நஞ்சோடு ஓர் ஆக்சிசன் அணுவைச் சேர்க்கின்றன. அப்போது எப்பாக்சைடு என்னும் மிகத் துடிப்பான பொருள் பிறக்கிறது. வீட்டைக் கூட்டப் போய்க் கண்ணில் தூசி விழுந்தாற்போல, துப்புரவு செய்யும் வேலையிலேயே தீங்கு உருவாகிவிடுகிறது. குளுட்டாதயோன் என்னும் காவற்பொருள் அவற்றுள் பெரும்பகுதியைப் பிடித்து அடக்கிவிடும். தப்பியவை டி.என்.ஏ.யிலுள்ள குவானைன் என்னும் எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

நோட்டில் ஓர் எழுத்தின் மேல் மை சிந்தியதைப் போன்றது அது. இறைவன் நம் உடலுக்குள் திருத்தும் ஆசிரியர்களையும் வைத்திருக்கிறான். ஒவ்வொரு செல்லிலும் நாள்தோறும் நேரும் ஆயிரக்கணக்கான பழுதுகளைச் சில நொதிகள் வெட்டி எடுத்துச் சீர்படுத்துகின்றன. ஆனால் திருத்துமுன் படியெடுப்பு நடந்துவிட்டால், குவானைன் இருக்க வேண்டிய இடத்தில் தைமைன் எழுதப்பட்டுவிடும். பிறகு அது மை சிந்தல் அன்று. நிலைத்த எழுத்துப் பிழை. அடுத்தடுத்த பிரதிகளிலும் அதுவே தொடரும்.

பி-53 என்றொரு மரபணு உண்டு. பழுதுபட்ட செல்லைப் பிரியவிடாமல் தடுத்து நிறுத்துவதும், சீர்படுத்த முடியாததை அழிந்துபோகச் செய்வதும் அதன் வேலை. செல்லின் இரவுக் காவற்காரன் என்று அதைச் சொல்லலாம். அஃப்ளாடாக்சின் மிகுந்த சீனப் பகுதியிலும் தென்னாப்பிரிக்கப் பகுதியிலும் கல்லீரல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்தவர்கள், அக்காவற்காரனின் 249-ஆம் சொல்லில் இதே குவானைன் – தைமைன் பிழை மீண்டும் மீண்டும் இருப்பதை 1991-இல் வெளியிட்டனர். திருடன் விட்டுச்சென்ற கைரேகை போல அது அமைந்தது. ஹெபடைடிஸ் பி என்னும் காமாலைக் கிருமியும் உடலில் இருந்தால் ஆபத்து பன்மடங்காகும். பிறந்த குழந்தைக்கு அதற்கான தடுப்பூசியைத் தவறாமல் போடச் சொல்வது இதனாலும்தான்.

நம் கையில் இருப்பது

ஆடியில் விதைத்த மல்லாட்டை ஐப்பசி மழையோடு களத்துக்கு வருகிறது. ஈரம் உலராமல் மூட்டை கட்டினால் பூஞ்சணம் படரும். காய்க்குள் பயறு கலகலவென்று குலுங்கும் வரை காயவைப்பதும், ஈரத் தரையில் மூட்டையை அடுக்காமல் பலகையின் மேல் அடுக்குவதும் முதல் காவல். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பூத்தது, வாயிலிட்டால் கசப்பது ஆகியவற்றைக் கழிப்பது அடுத்த காவல். வறுத்தால் இந்நஞ்சு ஓரளவு குறையுமே தவிர முற்றிலும் அழியாது. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால், அதன் ஒரு கூறு பாலிலும் இறங்கும்.

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். கடன் அடைக்க நல்ல பயறெல்லாம் விலைக்குப் போகிறது. பொறுக்கிக் கழித்த சொத்தைப் பயறு வீட்டுச் சட்னிக்கு நிற்கிறது. சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் நம் தாய்மாரைக் குறை கூறுவதற்கில்லை. எறிய மனம் வராதது வறுமையின் வலி. ஆயினும் ஒரு படி நல்ல பயற்றை வீட்டுப் பிள்ளைகளுக்கென்று முதலிலேயே எடுத்து வைக்கும்படி தாயாரிடம் அன்போடு எடுத்துச் சொல்லக்கூடியவர், இப்பாடத்தைப் படிக்கும் மகளே. முறத்தின் முன் அமர்ந்து பயறு பொறுக்குபவளும் பெரும்பாலும் அவளே அல்லவா?

பாட்டிமார் மெல்லும் புகையிலையையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும். அதிலுள்ள நைட்ரோசமைன்கள் என்னும் பொருள்களும், உடல் மாற்றியமைத்த பிறகு டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொள்பவையே. வாயில் தோன்றும் புற்றுநோய்க்கு அவை பெருங்காரணம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று அறிஞர் முடிவு செய்துள்ளனர்.

மயிலம் பங்குனி உத்திரத்திலும் வில்லியனூர் மாதா திருவிழாவிலும் நம் தம்பி தங்கையர் கேட்டு அழும் பஞ்சு மிட்டாயின் கதையும் நினைவிருக்கும். துணிக்கும் தாளுக்கும் ஏற்றும் ரோடமின்-பி என்னும் சாயம் அதில் கலந்திருந்தது கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழகத்திலும் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது. மனிதரிடம் அஃப்ளாடாக்சினைப் போல அதன் தீங்கு ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லை. விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் அச்சம் தருகின்றன. உணவில் சேர்க்க அனுமதியில்லாத சாயத்தை நிறத்துக்காகக் குழந்தையின் வாயில் இடுவானேன்?

இவற்றைப் படித்து நடுங்க வேண்டா. ஒரு சொத்தைப் பயற்றைத் தின்றவர் எல்லாரும் நோயாளியாவதில்லை. எல்லாவற்றிலும் கவனமாக இருந்தவருக்கும் நோய் வருவதுண்டு. சுந்தரம்பாளின் நோய் உணவினால் வந்தது என்று சொல்லவும் இடமில்லை. பிறவிக் குருடனைச் சுட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் வினவியபோது, அவனுடைய பாவமும் அன்று, அவன் பெற்றோருடைய பாவமும் அன்று என்று இயேசு பெருமான் விளக்கியதை மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். நோயுற்றவரைக் குற்றவாளியாக்காமல், நோயின் காரணத்தை மட்டும் தேடி அகற்றுவதே நம் கடமை.

அணையாத விளக்கு

1956-இல் பத்மபூசண் விருது அம்மையாரைத் தேடி வந்தது. முதுமையிலும் ஔவை இல்லத்துப் பெண்களையும் அடையாற்று நோயாளிகளையும் அவர் மறக்கவில்லை. 1968-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள், 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கையில், இறைவனடி சேர்ந்தார். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை நாடு போற்றும் நிறுவனமாக வளர்ந்தது. ஏழைகளைக் கைவிடாத அதன் நெறியை டாக்டர் சாந்தா 2021-இல் மறையும் வரை கட்டிக் காத்தார். விழுப்புரம் சந்திப்பில் இரயிலேறியும், திண்டிவனத்தில் பேருந்து பிடித்தும் அடையாற்றுக்குச் சென்று, நலம் பெற்றுத் திரும்பியவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

தங்கைக்கு நோய் இன்னதென்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அந்த ஒரு குறை பிற வீடுகளில் நேரக்கூடாது என்றே தமக்கை முப்பது ஆண்டு உழைத்தார். நோய் வந்தபின் காக்கும் வழியை அவர் அமைத்துக் கொடுத்தார். வருமுன் காக்கும் அறிவு அவருக்குப் பின் வளர்ந்து நம் கைக்கு வந்திருக்கிறது. ஆறாத வாய்ப்புண்ணோ, மலத்தில் இரத்தமோ, காரணமில்லாத மெலிவோ வீட்டில் எவருக்கேனும் இருந்தால், வெட்கத்தால் மறைக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அடுத்த முறை முறத்தின் முன் அமரும்போது, பூஞ்சணம் பூத்த பயற்றைத் தயங்காமல் கழித்தெறிவோம். அன்பில் பிறந்த அம்மையாரின் தொண்டு அப்போது நம் வீட்டிலும் தொடரும்.